நம் தட்டுக்கு வரும் உணவின் வழித்தடம்: உணவு வரைபடம் என்றால் என்ன, அதை நாம் எப்படி வரையலாம்?

2020 மார்ச் 18. நாடு முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய நாள். அடுத்த சில நாள்களில் இரண்டு படங்கள் ஒரே நேரத்தில் கைப்பேசிகளில் சுற்றி வந்தன. ஒன்றில் கேமரன் மலை விவசாயிகள் தக்காளியையும் முட்டைக்கோஸையும் கூடை கூடையாகக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். மற்றொன்றில் நகரத்துப் பேரங்காடிகளில் காய்கறித் தட்டுகள் காலியாகக் கிடந்தன.

மலையில் காய் இருந்தது. நகரத்தில் வாங்கப் பணத்தோடு ஆள் இருந்தார்கள். அறுந்து போனது இரண்டுக்கும் நடுவில் இருந்த வழி. லோரி ஓட்டம் குறைந்தது, மொத்தச் சந்தைகளின் நேரம் சுருங்கியது, உணவகங்கள் வாங்குவதை நிறுத்தின.

விளைச்சல் எவ்வளவு என்று சொல்லப் புள்ளிவிவரம் இருக்கிறது. விலை என்ன என்று கேட்டால் கடைக்காரரே சொல்லிவிடுவார். ஆனால் உணவு எங்கிருந்து புறப்பட்டு, எந்தச் சாலையில் வந்து, யார் கையில் மாறி, எந்த வாசலில் முடிகிறது என்பதை ஒரே பார்வையில் காட்ட வரைபடம் வேண்டும். அதைத்தான் ‘உணவு வரைபடம்’ என்கிறார்கள்.

பழைய எண்ணம், புதிய கருவி

நிலத்தையும் உணவையும் சேர்த்துப் பார்ப்பது தமிழர்களுக்குப் புதிதல்ல. சங்க இலக்கிய மரபில் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களில் உணவும் ஒன்று. குறிஞ்சிக்குத் தினை, மருதத்துக்கு நெல் என்று நிலத்தைச் சொன்னாலே உணவும் தெரிந்துவிடும். நெய்தல் மக்கள் மீனையும் உப்பையும் விற்று நெல் வாங்கினார்கள் என்பதால் வணிக வழியும் அதற்குள் அடங்கியிருந்தது.

நவீன காலத்தில் இந்தச் சிந்தனைக்கு ஒரு பெயர் கொடுத்தவர் வால்டர் ஹெடன். நியூயார்க் துறைமுக ஆணையத்தில் பணியாற்றிய இவர், பெருநகரங்களுக்கு உணவு எப்படி வந்து சேர்கிறது என்பது பற்றி 1929-இல் ஒரு நூல் எழுதினார். 1921-இல் அமெரிக்காவில் இரயில் வேலைநிறுத்தம் வரலாம் என்ற அச்சம் எழுந்தபோது, நகரத்தில் உணவு எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று அதிகாரிகளுக்கே தெரியவில்லை. ஓர் ஆற்றுக்குத் தண்ணீர் தரும் நிலத்தை நீர்ப்பிடிப்புப் பகுதி என்கிறோம் அல்லவா? அதேபோல ஒரு நகரத்துக்கு உணவு தரும் நிலம் முழுவதையும் ஒரே பகுதியாகப் பார்க்க வேண்டும் என்றார் ஹெடன். தமிழில் அதை ‘உணவுப் பிடிப்புப் பகுதி’ எனலாம்.

கருவி பின்னால் வந்தது. 1960-களில் கனடா நாட்டின் நிலவளத்தைக் கணக்கெடுக்க ரோஜர் டாம்லின்சன் கணினியில் ஒரு முறையை உருவாக்கினார். எந்த நிலம் விவசாயத்துக்கு ஏற்றது, எது காட்டுக்கு ஏற்றது என்று பார்ப்பதே அதன் வேலை. இன்று ‘புவியியல் தகவல் முறை’ என்று சொல்லப்படும் தொழில்நுட்பத்தின் தொடக்கம் அதுதான்.

வரைபடம் எப்படி வேலை செய்கிறது?

கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் தாளில் வயல்களும் தோட்டங்களும். இரண்டாவதில் ஆறும் வாய்க்காலும். மூன்றாவதில் சாலைகள். நான்காவதில் ஆலை, கிடங்கு, மொத்தச் சந்தை. ஐந்தாவதில் சில்லறைக் கடைகள். ஆறாவதில் மக்கள் குடியிருப்பு, வருமானம், பேருந்து நிறுத்தம். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் வெறும் தகவல். எல்லாவற்றையும் அடுக்கிப் பார்த்தால் இடைவெளி கண்ணில் படும்.

முதல் தாளை வரைவதில்தான் செயற்கைக்கோளின் உதவி பெரிது. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 5 நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் படம் எடுக்கின்றன. அந்தப் படத்தில் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். நலமான இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டால் பயிர் செழிப்பாக இருக்கிறதா, வாடுகிறதா என்று தெரியும்.

நம் நாட்டில் ஒரு சிக்கல் உண்டு. வானம் பாதி நாள் மேகத்தால் மூடியிருக்கும். அதற்குத்தான் ரேடார் பொருத்திய சென்டினல்-1. ரேடார் அலை மேகத்தைத் துளைத்துச் செல்லும். நாற்று விடுவதற்காகத் தண்ணீர் கட்டிய வயல் ரேடார் படத்தில் கறுப்பாகத் தெரியும். நெல் வளர வளர வெளுக்கும். இந்த மாற்றத்தைத் தொடர்ந்து பார்த்தால் எந்த வயலில் எப்போது நடவு நடந்தது, எப்போது அறுவடை வரும் என்று ஊகிக்க முடியும்.

கெடா வயலும் அணைத் தண்ணீரும்

இந்த முறை நன்றாகப் பொருந்தும் இடம் மூடா சமவெளி. கெடாவிலும் பெர்லிஸிலும் பரந்திருக்கும் இந்த வட்டாரத்தில் ஏறக்குறைய 1 லட்சம் ஹெக்டர் நெல் வயல் உள்ளது. நாட்டின் நெல் விளைச்சலில் சுமார் 40 விழுக்காடு இங்கிருந்து வருகிறது. 1970-இல் அமைக்கப்பட்ட மூடா விவசாய மேம்பாட்டு வாரியம், அதாவது ‘மாடா’, இதை நிர்வகிக்கிறது.

மூடா அணையின் நீர் மலைக்குள் வெட்டிய சுரங்கம் வழியே பெடு அணைக்குப் போய், அங்கிருந்து ஆற்றிலும் வாய்க்காலிலும் இறங்கி வயலை அடைகிறது. கடலோர வயல்கள் கடைசியில் இருக்கின்றன. எல்லாரும் ஒரே வாரத்தில் நடவு செய்ய முடியாது. மேட்டில் எத்தனை வயல் நிரம்பிவிட்டது, கடைமடையில் எத்தனை வயல் காத்திருக்கிறது என்று தெரிந்தால்தான் தண்ணீரைச் சரியாகப் பங்கிட முடியும். ஆள் விட்டு 1 லட்சம் ஹெக்டரைச் சுற்றிப் பார்ப்பதற்குள் பருவமே மாறிவிடும். வரைபடத்தின் உண்மையான பயன் இங்கேதான்.

குறுகிய வாசல்கள்

விளையும் இடத்தைக் கண்டறிவது எளிது. உணவு கடந்து வரும் குறுகிய வாசல்களைக் கண்டறிவதுதான் கடினம்; அதுதான் முக்கியமும்கூட.

கேமரன் மலையை வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். மேற்குக்கரை நகரங்களுக்கு இறங்க முக்கியமான சாலைகள் இரண்டு: தாப்பா வழி ஒன்று, சிம்பாங் பூலாய் வழி மற்றொன்று. மழைக்காலத்தில் மண் சரிந்து ஒரு சாலை மூடினால் மறு சாலைதான் கதி. இறங்கிய காயில் பெரும்பங்கு மொத்தச் சந்தைகளில் குவிகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கைப் பொறுத்தவரை அதில் பெரிய பெயர் செலாயாங் சந்தை.

2020 ஏப்ரல் 20 முதல் அந்தச் சந்தையைச் சுற்றிய பகுதிகள் கடுமையான கட்டுப்பாட்டின்கீழ் முள்வேலி போட்டு அடைக்கப்பட்டன. அங்கே வாங்கி, வேனில் ஏற்றி, தோட்டப்புறத்துக்கும் தாமானுக்கும் கொண்டுபோய் விற்றுக்கொண்டிருந்த சிறு வியாபாரிகளுக்குத்தான் முதல் அடி. தொற்று பரவியது ஒரு வட்டாரத்தில்; காய் தட்டுப்பட்டது அதற்கு வெகு தொலைவில். ஒரு வாசலை நம்பி எத்தனை வாய் இருக்கிறது என்பதை முன்கூட்டியே வரைந்து வைத்திருந்தால், மாற்று வாசலையும் முன்கூட்டியே யோசித்திருக்கலாம்.

இதே பாடத்தைச் சிங்கப்பூர் வேறு வடிவில் கற்றது. 2022 ஜூன் 1 முதல் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. அதற்கு முந்தைய ஆண்டில் சிங்கப்பூர் இறக்குமதி செய்த கோழியில் சுமார் 34 விழுக்காடு மலேசியாவில் இருந்து சென்றது. உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதியை நம்பும் சிங்கப்பூர், எந்தப் பொருள் எந்த நாட்டில் இருந்து வருகிறது என்பதை ஓயாமல் கண்காணித்து, 170-க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அந்த வழியைப் பரப்பி வைத்திருப்பது இதற்காகத்தான்.

நாசிக்கில் மழை, கிள்ளானில் விலை

நம் சமையலறையின் உணவு வரைபடம் மலேசியாவுக்குள் அடங்காது. வெங்காயத்தை எடுத்துக்கொள்வோம். நம் நாடு வெங்காயத்துக்கு ஏறக்குறைய முழுவதும் இறக்குமதியையே நம்பியிருக்கிறது. மகாராஷ்டிர மாநிலத்தின் நாசிக் வட்டாரத்தில் உள்ள லாசல்காவ் சந்தை, இந்தியாவின் பெரிய வெங்காயச் சந்தை. அங்கே மழை தப்பினால் ஏலத்தில் விலை ஏறும். விலை ஏறினால் அந்நாட்டு அரசு ஏற்றுமதிக்குக் கடிவாளம் போடும். 2023 டிசம்பர் 8-ஆம் தேதி இந்தியா வெங்காய ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. 2024 மே மாதம்தான் அது நீங்கியது. அந்த மாதங்களில் சாம்பாருக்கு வெங்காயம் உரித்த எல்லாருக்கும் தெரியும், அந்தத் தடை எந்த வீட்டில் வந்து உட்கார்ந்தது என்று.

அரிசியிலும் அதே கதை. 2022-இல் நாட்டின் அரிசித் தேவையில் 62.6 விழுக்காட்டை மட்டுமே உள்ளூர் விளைச்சல் நிறைவு செய்தது. 2023 ஜூலை 20-ஆம் தேதி பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை இந்தியா தடை செய்தது. செப்டம்பர் 1-ஆம் தேதி இங்கே இறக்குமதி அரிசியின் விலை டன்னுக்கு 2,350 வெள்ளியில் இருந்து 3,200 வெள்ளிக்கு ஏறியது. உள்ளூர் வெள்ளை அரிசிக்கோ 10 கிலோவுக்கு 26 வெள்ளி என்று உச்சவிலை இருந்தது. இரண்டுக்கும் இடைவெளி பெருகியதும் எல்லாரும் உள்ளூர் அரிசியைத் தேட, பல கடைகளில் அந்தப் பை கண்ணில் படாமல் போனது.

எந்த ஊரில் எந்தப் பொருள் என்ன விலை என்பதற்கு இப்போது ஒரு நல்ல வழி இருக்கிறது. உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் அதிகாரிகள் கடை கடையாகச் சென்று பதியும் விலைகள் ‘பிரைஸ்கேட்சர்’ செயலியில் கிடைக்கின்றன. அதே தகவல் அரசாங்கத்தின் பொதுத் தரவு இணையத்தளத்திலும், கடை எந்த மாவட்டத்தில் உள்ளது என்ற குறிப்போடு வெளியிடப்படுகிறது. ஒரே மீன் இரண்டு மாவட்டங்களில் என்ன விலைக்குப் போகிறது என்று அதில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். வித்தியாசம் பெரிதாக இருந்தால், நடுவில் என்ன இருக்கிறது என்று வரைபடத்தைப் பார்த்துத் தேடலாம்.

பச்சையெல்லாம் உணவல்ல

வானத்தில் இருந்து பார்த்தால் மலேசியா பச்சை. ஆனால் அந்தப் பச்சையில் பெரும்பகுதி அடுப்பில் ஏறாது. செம்பனை 56 லட்சம் ஹெக்டருக்கு மேல் பரவியிருக்கிறது. நெல் சாகுபடிப் பரப்போ, இரண்டு போகத்தையும் சேர்த்து எண்ணினாலும் 7 லட்சம் ஹெக்டரைத் தொடாது. எண்ணெயும் ரப்பரும் விற்று அரிசியும் பருப்பும் வாங்கும் பழக்கம் ஆங்கிலேயர் காலத்திலேயே தொடங்கியது. ஜப்பானியர் ஆட்சியில் பர்மா அரிசி நின்றபோது, ரப்பர் மரங்களுக்கு நடுவே நம் முன்னோர் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த கதை பல குடும்பங்களில் இன்றும் சொல்லப்படுகிறது.

அந்தத் தோட்டங்களில் மற்றொன்றும் இருந்தது. போருக்கு முந்திய தொழிலாளர் சட்டம், குடும்பத்தோடு இருக்கும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் பயிர் செய்யவும் மாடு மேய்க்கவும் 1/16 ஏக்கர் ஒதுக்க வேண்டும் என்றது. சுமார் 2,700 சதுர அடி. சட்டம் எல்லா இடத்திலும் சரியாக நடந்தது என்று சொல்ல முடியாது. ஆனாலும் லயத்துக்குப் பின்னால் கீரைப் பாத்தியும், முருங்கையும், கோழிக் கூண்டும், பால்மாடும் இருந்தன. தோட்டத் துண்டாடலும், பின்னாளில் தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறியதும் மக்களை அடுக்குமாடிக்குக் கொண்டுவந்தன. வீடு கிடைத்ததா இல்லையா என்று நாம் கணக்கு வைத்திருக்கிறோம். கீரைப் பாத்தி எத்தனை போனது என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. அது எந்த வரைபடத்திலும் இருந்ததே இல்லை.

வரைபடத்தில் இல்லாதது முடிவெடுக்கும் மேசையிலும் இருக்காது. 2023 அக்டோபரில் பேரா, சிம்மோர் அருகே கந்தானில் தொழில்நுட்பப் பூங்காத் திட்டத்துக்காகக் காய்கறித் தோட்டங்கள் அகற்றப்பட்டன. பட்டா இல்லாமல் நெடுங்காலம் பயிர் செய்துவந்தவர்கள் அவர்கள். நிலம் சட்டப்படி யாருடையது என்பது ஒரு கேள்வி. அந்த நிலத்தின் காய் தினமும் எந்தச் சந்தைக்கு, எத்தனை குடும்பத்துக்குப் போனது என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கு நில அலுவலகத்தில் படம் இருக்கிறது. இரண்டாவதற்கும் ஒரு படம் வேண்டாமா?

கடை எவ்வளவு தூரம்?

இதுவரை நாட்டைப் பார்த்தோம். உணவு வரைபடம் ஒரு தாமான் அளவிலும் பயன்படும். அமெரிக்க விவசாயத் துறை, நகரத்தில் 1 மைலுக்குள்ளும் கிராமப்புறத்தில் 10 மைலுக்குள்ளும் பெரிய மளிகைக் கடை இல்லாத வருமானம் குறைந்த வட்டாரங்களைப் படமாக வரைந்து வெளியிடுகிறது. நம் ஊரில் காரும் மோட்டார் சைக்கிளும் இருப்பவர்களுக்கு 1 மைல் ஒன்றுமில்லை. ஓட்டத் தெரியாத பாட்டிக்கு அது ஒரு பயணம்.

இக்கட்டுரைக்காக நான் குடியிருக்கும் அடுக்குமாடியைச் சுற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தேன். சாப்பிடப் பொருள் விற்கும் இடங்கள் 14 தென்பட்டன. பச்சைக் காய்கறி வைத்திருந்தவை 3. மற்றவற்றில் மாகியும், பிஸ்கட்டும், இனிப்புப் பானமும். காலைச் சந்தை கைப்பேசிப் படத்தில் 600 மீட்டர்தான் காட்டியது. ஆனால் நடுவில் நெடுஞ்சாலை. நடைபாலத்தைத் தேடிப் போய்ச் சுற்றி வந்தால் ஒன்றரைக் கிலோமீட்டர். நேர்க்கோட்டுத் தூரம் வேறு, கால் நடக்கும் தூரம் வேறு என்பது அன்றுதான் உறைத்தது.

கீழ்த்தளத்தில் வடிகால் ஓரமாக ஓர் அம்மா கருவேப்பிலை, முருங்கை, பொன்னாங்கண்ணி வளர்க்கிறார். அக்கம்பக்கத்தில் பாதி வீட்டுக்குக் கீரை அவரிடம்தான். நான் குறித்துக்கொள்வதைப் பார்த்துவிட்டு, “ஏம்மா, இதையெல்லாம் படத்துல போட்டுடாதே. அப்புறம் இடம் அவங்களோடதுன்னு வந்து பிடுங்கிப் போட்டுருவாங்க” என்றார். நான் அழித்துவிட்டேன்.

வரைபடம் பற்றி எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாத பாடம் அது. படத்தில் இல்லாவிட்டால் நாம் எண்ணப்படமாட்டோம். படத்தில் இருந்தால் சிலவேளை அகற்றப்படுவோம். ஆகவே வரைபடத்தை யார் வரைகிறார்கள், யார் கையில் அது இருக்கிறது என்பது தொழில்நுட்பத்தைவிடப் பெரிய கேள்வி.

நாமே வரைவது எப்படி?

ஆலய நிர்வாகம், இளைஞர் மன்றம், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம், குடியிருப்பாளர் சங்கம் என யார் வேண்டுமானாலும் ஒரு மாதத்தில் செய்து முடிக்கலாம்.

1. முதலில் கேள்வியை முடிவு செய்யுங்கள். “நம் தாமானில் கார் இல்லாத முதியவர் நடந்துபோய்க் காய் வாங்க முடியுமா?” என்பது நல்ல கேள்வி. “எல்லாவற்றையும் வரைவோம்” என்பது பாதியில் நின்றுவிடும்.

2. எல்லையைக் குறியுங்கள். நடந்து 20 நிமிடத்தில் போகக்கூடிய தூரம் போதும்.

3. இருவர் இருவராக நடங்கள். மளிகைக் கடை, காய்கறி வேன் நிற்கும் இடமும் நேரமும், இரவுச் சந்தை நாள், மீன்காரர் வரும் வழி எல்லாவற்றையும் குறியுங்கள். வேன் கடைகளை இணையப் படங்கள் பெரும்பாலும் காட்டாது. நம் மக்களில் பலர் அவற்றை நம்பித்தான் இருக்கிறார்கள்.

4. ஒவ்வோர் இடத்திலும் ஒரே பட்டியலைக் கேளுங்கள்: அரிசி, பருப்பு, வெங்காயம், முட்டை, ஒரு கீரை, ஒரு பழம். இருக்கிறதா, என்ன விலை, எங்கிருந்து வாங்கி வருகிறார்.

5. கணினியில் ஏற்றுங்கள். கூகள் மை மேப்ஸ் இலவசம். பள்ளி மாணவரே கற்றுக்கொள்வார். எல்லாருக்கும் பயன்பட வேண்டும் என்றால், 2004 முதல் தன்னார்வலர்கள் வரைந்துவரும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கடைகளைச் சேர்க்கலாம். கொஞ்சம் ஆழமாகப் போக விரும்புபவர்களுக்குக் கியூஜிஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

6. நடக்கும் வழியை வரையுங்கள். நெடுஞ்சாலை, இரயில் பாதை, ஆறு, விளக்கில்லாத சந்து ஆகியவற்றைத் தனி நிறத்தில் காட்டுங்கள்.

7. வெளியிடும் முன் அனுமதி கேளுங்கள். பெயர், வீட்டு எண், கைப்பேசி எண் வேண்டாம். அனுமதி இல்லாத இடத்தில் பயிர் செய்பவரின் இடத்தைப் பொதுப்படத்தில் குறிக்கவே வேண்டாம். “இந்த வட்டாரத்தில் இத்தனை வீடு கீரை வளர்க்கிறது” என்று எண்ணிக்கையாக மட்டும் சொல்லலாம்.

8. ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். மூடிய கடையைக் காட்டும் படம் பொய்ப்படம்.

வரைந்த பின் என்ன செய்வது? நடைபாலம் கேட்டு நகராண்மைக் கழகத்துக்குக் கடிதம் எழுதும்போது படத்தையும் இணையுங்கள். “எங்கள் பகுதியில் வசதி இல்லை” என்ற வரியைக் கோப்பில் போட்டுவிடுவார்கள். “600 மீட்டர் தூரத்துக்கு 1,500 மீட்டர் நடக்கிறோம், இதோ வழி” என்ற படத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வாரத்தில் எந்த நாள் காய்கறி வேன் வராது என்று தெரிந்தால், அந்த நாளில் ஒரு சிறு வியாபாரி வரலாம். காலியாகக் கிடக்கும் பொது இடத்தில் அனுமதியோடு சமூகத் தோட்டம் அமைக்கவும் அதே படம் சான்றாகும்.

2022-இல் நம் நாட்டின் உணவு இறக்குமதி 7,500 கோடி வெள்ளிக்கும் மேல். அந்தத் தொகையை ஒரு தாமான் குறைத்துவிட முடியாது. ஆனால் அடுத்த முறை ஒரு சாலை சரிந்தாலோ, ஒரு சந்தை அடைபட்டாலோ, எங்கோ ஒரு நாடு ஏற்றுமதியை நிறுத்தினாலோ, நம் பகுதியில் முதலில் யார் வீட்டு அடுப்பு சிரமப்படும் என்று நமக்கு முன்னதாகவே தெரிந்திருக்கும். உதவிப் பொட்டலத்தோடு எந்தக் கதவை முதலில் தட்டுவது என்றும் தெரியும்.

நான் அழித்த அந்தக் கீரைப் பாத்தி என் படத்தில் இல்லை. ஆனால் அதை வளர்ப்பவருக்குச் சட்டப்படி ஒரு சிறு இடம் கேட்டு எங்கள் குடியிருப்பாளர் சங்கத்துக்கு எழுத வேண்டும் என்று குறித்து வைத்திருக்கிறேன். அனுமதி கிடைக்கும் நாளில் அவரே வந்து படத்தில் புள்ளி வைக்கட்டும்.